ஒன்றாம் எண் நாடா

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, பவுல்ராஜ் ஐயா. சும்மா சொல்லவில்லை. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள், பால் தண்ணியாக இல்லை, கொதிக்கக் கொதிக்க வந்தது. டம்ளரைத்தான் சரியாகக் கழுவவில்லை. விளிம்பில் யாரோ குடித்த தடம் அப்படியே காய்ந்திருந்தது. அதனால் நான் குடிக்கவில்லை. வாசனையை வைத்துத்தான் சொல்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள்.

நாலு வெள்ளைத் தாளையும் ஒரு பேனாவையும் முன்னால் வைத்து, "அந்த அறிவுச்செல்வியப் பத்தித் தெரிஞ்சத எழுதிக் குடுத்துட்டு நீங்க வீட்டுக்குப் போங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நாலு தாள் பற்றாது. ஏட்டம்மாவிடம் கேட்டு இன்னும் எட்டு வாங்கிக்கொண்டேன். அறிவுச்செல்வியை ஒன்பது நாளாக ரிமாண்டில் வைத்திருக்கிறீர்கள். அவளுடைய தறி நாடா, அவள் கையால் எடுத்துக் கொடுத்தது, அதில் வாய் வைத்த என் மாணவி சுகன்யா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே செத்துப்போனாள். மேலோட்டமாகப் பார்த்தால் கேஸ் முடிந்த மாதிரிதான் தெரியும். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அறிவுச்செல்வி அதைச் செய்யவில்லை. பத்தொன்பது வருஷம் மில்லில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவள் நான். தப்பான லாட் நம்பர் ஒட்டிய ஒரு மூட்டைகூட என்னைத் தாண்டி லாரியில் ஏறியதில்லை. இப்போது ஒன்று ஏறப்போகிறது என்று தெரிந்தும் பேசாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

என் பெயர் சத்யபிரியா. வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் ஆயக்குடி. அண்ணன் சோலைமலை அங்கே கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்த ஒருவர், பாதி கடித்த லட்டை என் தட்டில் வைத்து, "மீதி உனக்கு" என்று சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்றேன். அதற்கப்புறம் யாரையும் வரவிடவில்லை. அண்ணன் இரண்டு வருஷம் புலம்பிவிட்டு விட்டுவிட்டார்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. பஞ்சு மூட்டையை உடைத்தால் உள்ளே என்னென்ன வரும் என்று உங்களுக்குத் தெரியாது. தலைமுடி, சாக்கு நார், கோழி இறகு, பீடித்துண்டு, மென்று துப்பிய வெற்றிலைச் சக்கை. ஒரு தடவை முழுப் பல்லி. அத்தனையையும் பொறுக்கி, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி எழுத வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டு நாளில் பழகிவிடும். எனக்குக் கடைசி நாள் வரைக்கும் குமட்டியது. அதனால்தான் என்னை அங்கே வைத்திருந்தார்கள். குமட்டாதவள் கண்ணுக்கு முடி தெரியாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் மில்லை விட்டுவிட்டு, சின்னாளப்பட்டியில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்துப் பயிற்சிக்கூடம் தொடங்கினேன். மூன்று மாதப் பயிற்சி. முதல் மாதம் ராட்டையில் நூற்பது, இரண்டாவது மாதம் ஊசியில் கம்பளிப் பின்னல், மூன்றாவது மாதம் தறி. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர். இவர்கள் போக, சனி, ஞாயிறில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சிலர் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். கைக்குட்டை அகலத்துக்கு ஒரு துண்டு நெய்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். நூற்பதையும் பின்னலையும் நானே சொல்லிக்கொடுத்தேன். தறிக்கு ஆள் தேடினேன். அப்படி வந்தவள்தான் அறிவுச்செல்வி.

முப்பத்தெட்டு வயது. இரண்டு தெரு தள்ளி வீடு. வேலை என்றால் அவ்வளவு சுத்தமான வேலை. அவள் நெய்த சேலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு இழை பிசகவில்லை. சம்பளம் பேசி அன்றைக்கே உட்காரவைத்தேன். அவளுக்கு முன்னால் பன்னிரண்டு பேரும் சுற்றி நின்றார்கள். அவள் நாடாவை எடுத்தாள்.

நீங்கள் அதைச் சாட்சிப் பொருளாகப் பாலிதீன் பையில் போட்டு வைத்திருக்கிறீர்கள், ஆனால் அது என்ன செய்யும் என்று கேட்டதாகத் தெரியவில்லை. சொல்கிறேன். தறியில் குறுக்கு நூலை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கொண்டுபோகிற மரக்கட்டை அது. படகு மாதிரி இருக்கும். நடுவில் பள்ளம். நூல் சுற்றிய குச்சியை அதில் பொருத்துவார்கள். அந்தக் குச்சிக்குத் தார் என்று பெயர். நாடாவின் பக்கத்தில் மிளகு நுழைகிற அளவுக்கு ஒரு கண் இருக்கும். தாரிலிருந்து வரும் நூல் அந்தக் கண் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஒரு தார் தீர்ந்து புதுத் தார் போடுகிற ஒவ்வொரு தடவையும் நூலைக் கண்ணில் கோத்தாக வேண்டும்.

அறிவுச்செல்வி எப்படிக் கோத்தாள் தெரியுமா. நூல் நுனியை உள்பக்கம் விட்டாள். வெளிப்பக்கம் கண்ணின்மேல் உதட்டைப் பொருத்தினாள். ஒரு உறிஞ்சு. நூல் அவள் வாய்க்குள் வந்துவிட்டது. பல்லால் கவ்வி இழுத்துவிட்டு, நாடாவை ஓட விட்டாள். கண் இமைக்கிற நேரம்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள். நாடாவின் பக்கவாட்டில் ஈரம் மினுங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அறிவு, வாய வைக்காதம்மா. நூல இழுக்கக் கொக்கி வாங்கித் தாரேன்" என்றேன்.

"கொக்கியா? அடப் போங்க மேடம். அதத் தேடி எடுத்து, விட்டு, இழுக்குறதுக்குள்ள நான் நாலு வெரக்கடை நெய்ஞ்சிருவேன். வாயி சும்மாதான கெடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபப்படுகிற ஆள் இல்லை நான். நீங்கள் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

ஒரு சேலைக்கு எப்படியும் அறுபது தார் ஓடும். அறுபது தடவை உறிஞ்ச வேண்டும். காலையில் புளிச்சோறு, மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, நாலு மணிக்கு வறுத்த பட்டாணி. சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிப்பாள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஒரே ஒரு தடவை. நூல் எச்சிலோடு வெளியே வந்து, பாவு என்கிற நெடுக்கு நூல்களுக்குள் போய் உட்காரும். அதற்குமேல் அடுத்த இழை. இப்படிப் பன்னிரண்டு முழம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா அறிவுச்செல்வி நெய்து இறக்கிய சேலையை எடுத்துக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "எவ்வளவு மெத்துனு இருக்கு" என்றார். நான் கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து அவருக்குப் பில் போட்டுக் கொடுத்தேன்.

செய்ய வேண்டியதையெல்லாம் முறையாகத்தான் செய்தேன். இருபது கொக்கி வாங்கி ஒவ்வொரு தறியிலும் தொங்கவிட்டேன். 'நூலை வாயால் இழுக்கக் கூடாது' என்று கெட்டி எழுத்தில் பலகை மாட்டினேன். நாடாக்களுக்கு எண் போட்டேன். ஒருவர் நாடாவை இன்னொருவர் தொடக் கூடாது என்று விதி வைத்தேன். அறிவுச்செல்வியின் நாடா ஒன்றாம் எண். ஒரு வாரம் பிள்ளைகள் கொக்கியை எடுத்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வாயை வைக்க ஆரம்பித்தார்கள். கொக்கிகளில் ஒட்டடை பிடித்தது. பலகையின் ஆணியில் அறிவுச்செல்வி தன் சாப்பாட்டுப் பையை மாட்டினாள். வேண்டுமென்று செய்யவில்லை. அவளுக்கு ஆணி தெரிந்தது, எழுத்து தெரியவில்லை.

இதில் சாதி ஏதாவது இருக்கிறதா என்று முதல் நாள் விசாரணையில் ஒரு காவலர் கேட்டார். அதெல்லாம் ஒன்றும் இல்லை. நான் யார் வீட்டுக்கும் போவேன், யார் வீட்டிலும் தண்ணீர் குடிப்பேன். பாட்டில் கையோடு கொண்டுபோயிருப்பேன், அவ்வளவுதான்.

நோய்க்குப் பயந்துதான் சொன்னேன். இதை அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள். தையிலிருந்து அறிவுச்செல்விக்கு இருமல் விடவே இல்லை. காசநோயாக இருந்தால் அந்த நாடாவிலிருந்து என்னென்ன பரவும் என்று யோசித்துப் பாருங்கள். நானே அவளை ஆட்டோவில் வைத்துத் திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சளிப் பரிசோதனை செய்தேன். இரண்டு நாள் கழித்து ரிசல்ட்டையும் நானே போய் வாங்கினேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. வெறும் சளி. ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவளிடம், "இன்னும் வரல, எதுக்கும் கொக்கியவே பழகிக்க" என்றேன். பாவம், நாலு நாள் பழகினாள். பிறகு இருமல் நின்றது, கொக்கியும் நின்றது. அந்தக் காகிதம் இப்போதும் என் பையில்தான் இருக்கிறது.

இனி சுகன்யாவைப் பற்றி எழுத வேண்டும்.

சுகன்யாவுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா இல்லை. அம்மா பழனியம்மாள் பூக் கட்டி விற்கிறார். நான் வேலை பார்த்த மில்லிலேயே பதினெட்டு வயதில் வந்து சேர்ந்த பெண். ஓடுகிற எந்திரத்தில் அறுந்த நூலை முடிச்சே தெரியாமல் ஒட்டுவாள். அவள் ஒட்டிய இடத்தைக் கண்ணாடி வைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. நான் பயிற்சிக்கூடம் தொடங்கிய செய்தி தெரிந்து, ஒரு வார லீவு நாளில் மில் பஸ்ஸில் திண்டுக்கல் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து என்னைத் தேடி வந்தாள்.

"அங்கயே கெடந்தா நெஞ்சுல பஞ்சு அடைச்சே போய்ச் சேந்துருவேன் மேடம். இதக் கத்துக்கிட்டா நானும் எங்கம்மாவும் பொழச்சுக்குவோம்" என்றாள்.

அவளைச் சேர்த்துக்கொண்டேன். மற்ற பிள்ளைகளைப் போல இல்லை அவள். நகம் வெட்டியிருப்பாள். சாப்பிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுவாள். தறிக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நாடாவில் வாய் வைத்ததில்லை. மற்றவர்கள் கேலி செய்வார்கள். "மேடத்தோட பொண்ணு" என்பார்கள். அவள் பாட்டுக்குக் கொக்கியை எடுத்து, நிதானமாக நூலை இழுப்பாள். அவளுக்கென்று தனியாக ஒரு பித்தளைக் கொக்கி செய்யச் சொல்லி வாங்கினேன். அதில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி, பன்னிரண்டாம் எண் தறியில் நானே மாட்டிவிட்டேன். அவளைப் பார்த்தால் எனக்குக் குமட்டாது. வேறு யாரைப் பார்த்தும் எனக்கு அதிக நாள் குமட்டாமல் இருந்ததில்லை.

பயிற்சி முடிந்ததும் சுகன்யாவையே தறி டீச்சராக வைத்துக்கொள்ள முடிவு செய்தேன். அதை இரண்டு பேரிடமும் சொன்னேன். வேலை போகிற ஆத்திரத்தில் அறிவுச்செல்வி விஷம் வைத்தாள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. நான் சொன்னபோது அவள் என்ன சொன்னாள் தெரியுமா. "நல்லதுதான மேடம். எனக்கு வீட்டுத் தறியே இழுத்துக்கிட்டுக் கெடக்கு. அது சூட்டிகையான புள்ள. இங்கன இருந்து நாலு காசு பாக்கட்டும்" என்றாள். அவள் மனசில் அழுக்கு கிடையாது. அழுக்கெல்லாம் வாயில்தான்.

தறிக்கட்டைகளில் கரையான் ஏறியிருந்தது. ஆயக்குடிக்குப் போனபோது அண்ணன் தோப்பின் மோட்டார் ரூமிலிருந்து கொய்யாவுக்கு அடிக்கிற மருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தேன். கரையானுக்குத்தான் கொண்டுவந்தேன், அண்ணனுக்கு வேறு எதுவும் தெரியாது, அவரைக் கூப்பிட்டு அலைக்கழிக்காதீர்கள். கரையானுக்கு அடித்ததுபோக மிச்சத்தை ஆபீஸ் அலமாரியில் மேல்தட்டில் வைத்தேன். இரண்டு வாரம் அங்கே இருந்தது. தினமும் சாயங்காலம் எல்லாரும் போனபிறகு, பூட்டுவதற்கு முன்னால் நாடாக்களை எண்ணுவேன். ஒன்றாம் எண் நாடாவைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். அலமாரியையும் பார்ப்பேன். பிறகு விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுவேன். பதினான்கு நாளும் அப்படித்தான்.

பதினைந்தாம் நாள், வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒன்றாம் எண் நாடாவின் கண்ணில் மருந்தைத் தடவினேன். எவ்வளவு, எப்படி என்பதை உங்கள் ஆய்வுக்கூடம் சொல்லும். கையுறை போட்டிருந்தேன். ஒரு சொட்டும் கீழே சிந்தவில்லை. காய்ந்தபிறகு எடுத்துப் பார்த்தேன். மரத்தில் கறைகூட இல்லை. சுத்தமான வேலை. அதைப் போய் அறிவுச்செல்வி பெயரில் எழுதியிருக்கிறீர்கள். அவளால் ஒரு டம்ளர் மோரைச் சிந்தாமல் கொண்டுவர முடியாது.

யாருக்காகத் தடவினேன் என்று கேட்பீர்கள். அறிவுச்செல்விக்காக. அவள்தான் ஒன்றாம் எண்.

வெள்ளிக்கிழமை காலையில் சுகன்யாவின் முதல் சேலை தொடங்குவதாக இருந்தது. அதுவரைக்கும் துண்டு, துப்பட்டா என்று பழகியவள், அன்றைக்குத்தான் முழுச் சேலைக்குப் பாவு ஏற்றினாள். அவள் அம்மா பழனியம்மாள் விடியற்காலையிலேயே கிளம்பி, ஒரு பந்து மல்லிகைப்பூவோடு வந்திருந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் பூக் கிள்ளிக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். "எம்புள்ளய ஆளாக்கிட்டீங்க டீச்சர்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் விரலெல்லாம் வாழைநார்க் கறை. நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

அறிவுச்செல்வி வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம். முதல் சேலை போடுகிற பெண்ணுக்குத் தறி சொல்லிக்கொடுத்தவள் தன்னுடைய சொந்த நாடாவைக் கொடுப்பாளாம். முதல் இழையை வாயால்தான் உறிஞ்ச வேண்டுமாம். கொடுத்தவள் வாய் பட்ட கண்ணில் வாங்கியவள் வாயும் பட்டால், கொடுத்தவளின் கை ஓட்டம் வாங்கியவளுக்கு வந்துவிடுமாம். அறிவுச்செல்வி சூடம் காட்டிவிட்டு, ஒன்றாம் எண் நாடாவை எடுத்து, முந்தானையால் துடைத்து, புதுத் தார் போட்டு, சுகன்யாவின் கையில் கொடுத்தாள். சுகன்யா வாயில் வைத்து உறிஞ்சினாள். தவறுதலாக அது அவளுக்குப் போய்விட்டது. நான் நெசவாளி வீட்டில் பிறந்தவள் இல்லை. இப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது.

நாலைந்து தடவை நாடா ஓடியது. "நாக்கு கசக்குதுக்கா" என்றாள். "புது நூலு, சாயம் அப்பிடித்தான் இருக்கும்" என்றாள் அறிவுச்செல்வி. பிறகு சுகன்யா தறியின்மேல் கவிழ்ந்தாள். வாயிலிருந்து நுரை வந்தது. பாவு முழுக்க ஒழுகியது. பழனியம்மாள் முந்தானையால் துடைத்துத் துடைத்து, மகள் முகத்தைத் தன் முகத்தோடு வைத்து அழுத்திக்கொண்டார். அறிவுச்செல்வி அவளைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினாள். ஆட்டோவில் போகும்போது அவள் வாயை விரலால் திறந்து, தன் வாயை வைத்து மூச்சு ஊதினாளாம். நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் அவளும் ஒரு நாள் மயக்கமாகக் கிடந்தாள் என்றும் சொன்னீர்கள். விஷம் வைத்தவள் அந்த வாயில் வாய் வைப்பாளா என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டும், ஐயா. நான் வைக்க மாட்டேன்.

எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் போகவில்லை. தரையைப் பினாயில் ஊற்றி மூன்று தடவை கழுவினேன். பாவை அறுத்து எரித்தேன். பெஞ்சை, கதவுக் கைப்பிடியைக்கூடத் துடைத்தேன். நாடாவை மட்டும் விட்டுவிட்டேன். அது தறிக்கடியில் கிடந்தது. அதை எடுத்து ஒரு வாளி வெந்நீரில் போட்டிருந்தால் உங்களுக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது. நான் முட்டாள் இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். இரண்டு தடவை குனிந்தேன். தொட முடியவில்லை. இரண்டு பேர் எச்சில் பட்டது.

எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இருக்கிறது.

மில்லில் பதிவேட்டில் பிழை வந்தால் அழிக்கக் கூடாது, அதன்மேலேயே எழுதக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். மேலே வழக்கத்தைப் பற்றி எழுதிய இடத்தில் 'தவறுதலாக' என்ற சொல்லையும், 'எனக்குத் தெரியாது' என்பதையும் கோடு போட்டிருக்கிறேன். ஒப்பமும் வைத்திருக்கிறேன். சரியானது கீழே.

வியாழக்கிழமை நாலரை மணி. ஆபீசில் உட்கார்ந்து ஒரு கம்பளிக் குல்லாவுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். சுகன்யா கதவைத் தட்டிவிட்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், நாளைக்கு அறிவக்கா அவுக நாடாவ எனக்குக் குடுக்கப் போறாக. மொத இழைய நான் வாயால இழுக்கணுமாம். அவுக வீட்டு வழக்கமாம். அம்மாவையும் வரச் சொல்லிட்டேன்."

"உனக்குத்தான் கொக்கி இருக்கேம்மா" என்றேன்.

"ஒரே ஒரு தடவதான மேடம். அந்த நேரத்துல போயிக் கொக்கிய எடுத்தா அக்கா மனசு என்ன பாடுபடும்?"

"எச்சி, சுகன்யா."

அவள் சிரித்தாள். கேலியாக இல்லை, குழந்தையிடம் சிரிப்பதுபோலச் சிரித்தாள். "அக்கா எச்சிதான மேடம். எனக்கு ஒண்ணும் அசிங்கமாத் தெரியல. ஏன், நீங்க ஊசி கோக்கையில நூல வாயில வைக்கலயா? இந்தா, இப்பவும் வாயிலதான வச்சிருக்கீக."

பார்த்தேன். நூல் நுனி என் உதட்டுக்கு நடுவில்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். அது என் நூல், என் ஊசி, என் வாய், யாருக்கும் கொடுக்கிறதில்லை. அந்த வித்தியாசத்தை அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சந்தோஷம். நல்லாச் செய்யி" என்றேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "போயிட்டு வாரேன் மேடம்" என்று போனாள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். குமட்டியது. முதல் தடவையாக அவளை நினைத்துக் குமட்டியது.

ஐந்தரை மணிக்கு அலமாரியைத் திறந்தேன்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள். அந்தப் பெண்ணைக் கொல்ல வேண்டும் என்றுதான் தடவினேன் என்று எழுதிக்கொள்வீர்கள். அது நியாயமில்லை. நான் அவளுக்கு வழி விட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாருக்கும் முன்னால் போனேன். பித்தளைக் கொக்கியை வெந்நீரில் கழுவினேன். பழைய நூலை எடுத்துவிட்டுப் புதுச் சிவப்பு நூல் கட்டினேன். பன்னிரண்டாம் எண் தறியில், அவள் உட்காரும் இடத்துக்கு நேராக, வலது கைப் பக்கம் மாட்டினேன். நாடாவைக் கையில் வாங்கியதும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் நாலடி தூரத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. ஏழெட்டு நொடி இருக்கும். நான் சொல்லவில்லை, கொக்கியைப் பார்த்தேன். என் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் தொங்கியது, ஐயா. அவள்தான் எடுக்கவில்லை.